சன்ஷைன் லிஸ்டில் என் பெயர் வருமா?

கேள்வி: ஒன்ராறியோவில் ஒரு நகரசபையின் போக்குவரத்து நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறேன். அடிப்படைச் சம்பளம் 84,000 டொலரை ஒட்டியதுதான். சென்ற ஆண்டு ஓவர்டைம் நிறையச் செய்தேன். புதிய கூட்டு ஒப்பந்தத்தின்படி பழைய மாதங்களுக்கான நிலுவையும் சேர்ந்து வந்தது. ஆண்டு வருமானத்தையும் பிடித்தங்களையும் காட்டி நிறுவனம் தரும் டி4 படிவம் இப்போது கிடைத்திருக்கிறது, அதில் 14ஆம் பெட்டியில் 100,480 டொலர் என்றிருக்கிறது. வார இறுதியில் ஒரு கல்விச் சபையில் பகுதிநேர வேலை பார்த்து 11,000 டொலர் பெற்றேன். அதற்குத் தனி டி4 வந்திருக்கிறது. கூடிய சம்பளம் பெறும் பொதுத்துறை ஊழியர்களின் பெயர்களோடு மார்ச் மாதம் வெளியாகும் 'சன்ஷைன் லிஸ்டில்' என் பெயர் வந்துவிடும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். சொந்தபந்தங்கள் பார்த்தால் கைமாற்றுக் கேட்பார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பெயர் வராமல் தடுக்க முடியுமா?

பதில்: தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு முன்னால், பெயர் வருமா என்பதையே சரிபார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், இந்த ஆண்டு உங்கள் பெயர் வராமலே போக நல்ல வாய்ப்பு உண்டு.

மக்கள் சன்ஷைன் லிஸ்ட் என்று அழைக்கும் இந்தப் பட்டியல், அப்போதைய மாகாண முதல்வர் மைக் ஹாரிஸின் அரசு 1996இல் கொண்டுவந்த பொதுத்துறைச் சம்பள வெளிப்படுத்தல் சட்டத்தின்கீழ் வெளியாகிறது. ஒரு நாட்காட்டி ஆண்டில் 100,000 டொலரோ அதற்கு மேலோ சம்பளமாகப் பெற்ற பொதுத்துறை ஊழியரின் பெயர், பதவி, நிறுவனம், சம்பளம், வரிக்குட்பட்ட சலுகைகளின் மதிப்பு ஆகியவற்றை அடுத்த ஆண்டு மார்ச் 31ஆம் திகதிக்குள் வெளியிட வேண்டும் என்பதே அதன் சாரம். மாகாண அமைச்சுகள், நகரசபைகள், மருத்துவமனைகள், கல்விச் சபைகள், கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றோடு, மாகாணத்திடம் கணிசமான நிதி பெறும் இலாப நோக்கற்ற அமைப்புகளும் இதற்குள் வருகின்றன. மத்திய அரசு ஊழியர்கள் இதில் இல்லை. செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மாகாண மருத்துவக் காப்புறுதித் திட்டத்திடம் கட்டணம் வாங்கும் குடும்ப மருத்துவர்களும் இல்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஒரு நகரசபைப் பொறியாளரின் பெயர் வெளியாகும்போது, அவரைவிடப் பல மடங்கு பொதுப்பணம் பெறக்கூடிய ஒரு சிறப்பு மருத்துவரின் பெயர் வெளியாகாமல் இருப்பது எனக்கு எப்போதும் விந்தையாகவே படுகிறது.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். இந்தச் சட்டம் சம்பளத்தையும் சலுகையையும் வெவ்வேறாகப் பிரிக்கிறது. எல்லைக்கோடான 100,000 டொலரைத் தாண்டியதா என்று பார்ப்பது சம்பளத்தை மட்டும் வைத்துத்தான். ஆனால் டி4 படிவத்தின் 14ஆம் பெட்டியில் இருக்கும் தொகை இரண்டும் சேர்ந்தது. ஆயுள் காப்புறுதிக்காக நிறுவனம் உங்கள் சார்பில் கட்டும் தவணை, நிறுவன வாகனத்தைச் சொந்தப் பாவனைக்கு எடுத்திருந்தால் அதன் மதிப்பு போன்றவை வரிக்குட்பட்ட சலுகைகளாக அதற்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கும். படிவத்தின் கீழ்ப்பகுதியில் 'பிற தகவல்' என்ற இடத்தில் 34, 40 போன்ற குறியீட்டு எண்களுக்கு எதிரே அந்தத் தொகைகள் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். பொதுத்துறையில் குழுக் காப்புறுதி உள்ள பெரும்பாலான முழுநேர ஊழியரின் படிவத்தில் 40ஆம் குறியீட்டுக்கு எதிரே சில நூறு டொலராவது இருப்பது வழக்கம். உங்கள் படிவத்தில் அது 480 டொலரைவிட அதிகமாக, எடுத்துக்காட்டாக 610 டொலராக இருக்குமானால், 100,480இலிருந்து அதைக் கழித்தபின் சம்பளம் 99,870 டொலர்தான். பட்டியலில் பெயர் வராது. சரியாக 480 என்று இருந்தால் மிகுதி சரியாக 100,000. சட்டம் 'அல்லது அதற்கு மேல்' என்று சொல்வதால் அப்போது பெயர் வரும்.

பல் மருத்துவம், மருந்து ஆகியவற்றுக்கான குழுக் காப்புறுதிக்கு நிறுவனம் கட்டும் பணம் ஒன்ராறியோவில் வரிக்குட்பட்டதல்ல என்பதால் அது 14ஆம் பெட்டித் தொகையில் சேராது. உங்கள் ஓய்வூதியத்துக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும் அப்படியே. மாறாக, உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் ஓய்வூதியப் பங்கும் சங்கச் சந்தாவும் 14ஆம் பெட்டித் தொகையைக் குறைப்பதில்லை. பிடித்தம் செய்வதற்கு முந்தைய முழுத்தொகையே அங்கே இருக்கும், பட்டியலிலும் அதுவே கணக்கு.

கல்விச் சபையில் பெற்ற 11,000 டொலரை இதனோடு கூட்டத் தேவையில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த சம்பளத்தை மட்டுமே பார்க்கிறது. இரண்டு இடத்துச் சம்பளத்தையும் சேர்த்து 100,000ஐத் தாண்டினாலும் இரண்டு நிறுவனங்களும் உங்கள் பெயரைக் கொடுக்கக் கடமைப்பட்டவை அல்ல.

ஓவர்டைமும் நிலுவையும் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் சறுக்குவது இங்கேதான். இந்தச் சட்டம் உங்கள் சம்பள விகிதத்தைப் பார்ப்பதில்லை. அந்த ஆண்டில் உண்மையில் கொடுக்கப்பட்ட பணத்தைப் பார்க்கிறது. டிசெம்பர் கடைசி வாரத்தில் செய்த ஓவர்டைமுக்கான பணம் ஜனவரியில் வந்தால், அது புதிய ஆண்டின் கணக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் பெறுவோருக்குச் சில ஆண்டுகளில் 26க்குப் பதிலாக 27 சம்பள நாட்கள் அமைந்துவிடும். விகிதம் ஒரு சதம்கூட உயராமலே அந்த ஆண்டில் எல்லையைத் தாண்டியவர்கள் உண்டு. மறுபக்கத்தில், ஆண்டுக்கு 150,000 டொலர் என்று ஒப்பந்தம் செய்து செப்டெம்பரில் வேலைக்குச் சேர்ந்த ஓர் அதிகாரியின் பெயர் அந்த ஆண்டுப் பட்டியலில் இராது.

2024ஆம் ஆண்டுச் சம்பளத்துக்கான பட்டியல் திடீரென்று வீங்கியதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம். பொதுத்துறைச் சம்பள உயர்வை மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1 சதவீதமாகக் கட்டுப்படுத்திய 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை, 'பில் 124' என்று பேசப்பட்டதை, நீதிமன்றம் 2022 நவம்பரில் செல்லாதென்றது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2024 பெப்ரவரியில் அதே முடிவுக்கு வந்தது. அதன்பின் பல ஆண்டுகளுக்கான நிலுவை ஒரே ஆண்டில் வழங்கப்பட, 2023ஆம் ஆண்டுக்கான பட்டியலில் 300,570ஆக இருந்த பெயர்கள் 2024க்கு 377,666ஆயின. அவர்களுள் பலர் அந்த ஒரு முறைக்கு மட்டும் எட்டிப் பார்த்தவர்கள்.

எல்லைத் தொகையைப் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. 1996ஆம் ஆண்டின் 100,000 டொலர் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 180,000க்குச் சமம். அன்று அது துணை அமைச்சர்களையும் மருத்துவமனைத் தலைவர்களையும் குறிவைத்த எல்லை. முதல் பட்டியலில் 5,000 பெயர்கள்கூட இல்லை. விலைவாசி ஏற ஏற எல்லையை உயர்த்தும் ஏற்பாடு சட்டத்தில் இல்லாததால், இன்று ஆசிரியர்களும் தாதியரும் தீயணைப்பு வீரர்களும் உங்களைப் போன்ற ஓட்டுநர்களும் அதே வலையில் விழுகிறார்கள். அல்பேர்ட்டா மாகாணம் தன் எல்லையை ஆண்டுதோறும் திருத்துகிறது. பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கனடியப் பல்கலைக்கழகங்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வில், சம்பளம் வெளிப்படையான பின் ஆண், பெண் பேராசிரியர்களிடையேயான சம்பள இடைவெளி குறைந்தது தெரியவந்திருக்கிறது. ஆனால் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் கொட்டி வைத்தால், பார்க்க வேண்டியவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் கடினமாகிறது.

இனி, எல்லையைத் தாண்டிவிட்டால் பெயரைத் தடுக்கலாமா? முடியாது. ஊழியரின் சம்மதத்தை இந்தச் சட்டம் கேட்பதில்லை. தனியுரிமைச் சட்டத்தையோ கூட்டு ஒப்பந்தத்தையோ காட்டி நிறுவனத்தை நிறுத்திவைக்கவும் இயலாது. ஒருமுறை வெளியான பெயர் பழைய ஆண்டுகளின் பட்டியலில் தொடர்ந்து இருக்கும். உங்கள் வீட்டு முகவரி, சமூகக் காப்புறுதி எண், பிறந்த திகதி எதுவும் அதில் இராது என்பது ஓரளவு ஆறுதல். குடும்ப வன்முறை போன்ற உண்மையான பாதுகாப்பு அச்சுறுத்தல் உள்ளவர்கள் மட்டும் மார்ச் வரை காத்திராமல், ஜனவரியிலேயே மனிதவளப் பிரிவிடமும் தொழிற்சங்கத்திடமும் எழுத்தில் தெரிவித்து ஆலோசனை பெறுவது நல்லது. கைமாற்றுக்கு அஞ்சுவது அந்த வகையில் சேராது.

உறவினரைப் பொறுத்தவரை, பட்டியலில் தெரிவது பிடித்தத்துக்கு முந்தைய தொகை என்பதைச் சொல்லிவிடுவதே எளிது. வருமான வரி, கனடா ஓய்வூதியத் திட்டம், வேலைக்காப்புறுதி, நிறுவன ஓய்வூதியம், சங்கச் சந்தா எல்லாம் போன பின் 100,000 டொலரில் கைக்கு வருவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மோர்ட்கேஜ் அதன் பிறகு. எனக்கு உறவினரைவிட மோசடிக்காரரைப் பற்றித்தான் கவலை. பெயரும் நிறுவனமும் பதவியும் சம்பளமும் ஒரே வரியில் கிடைப்பதால், உங்கள் சம்பளப் பிரிவிலிருந்து பேசுவதுபோல நம்பத்தகுந்த அழைப்போ மின்னஞ்சலோ வரலாம். சம்பளத் தொகையைச் சரியாகச் சொல்கிறார் என்பதற்காக எவருக்கும் வங்கி விவரம் கொடுக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே. நிறுவனங்கள் பட்டியலை மாகாணத்துக்கு அனுப்புவது மார்ச் தொடக்கத்தில் என்பதால், இந்த வாரமே சம்பளப் பிரிவுக்கு ஒரு சிறு மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் ஊழியர் எண்ணைக் குறிப்பிட்டு, சென்ற ஆண்டுக்கான வெளிப்படுத்தலில் உங்கள் பெயர் இருக்கிறதா, இருந்தால் சம்பளம் எவ்வளவு, வரிக்குட்பட்ட சலுகை எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது, 40ஆம் குறியீட்டுத் தொகை கழிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பதவியின் பெயரையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநரை மேற்பார்வையாளர் என்று போட்டுவிட்டால் அதுவும் பொதுவில் நிற்கும். பட்டியல் வெளியான பிறகு பிழை தெரிந்தாலும் நிறுவனத்தின் வழியாகத் திருத்தம் அனுப்ப இடமுண்டு, ஆனால் அதற்குள் செய்தித்தளங்கள் பழைய பட்டியலைத் தரவிறக்கித் தங்கள் தேடுபக்கங்களில் ஏற்றியிருக்கும்.