வயலில் முளைத்த எரிமலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சோள வயலில் ஒரே நாளில் எரிமலை முளைத்ததாகப் படித்தேன். நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் இருக்கும் பரிக்குத்தின்தான் அது. சில வாரங்களாகவே அந்த வட்டாரத்தில் நிலம் அடிக்கடி அதிர்ந்துகொண்டிருந்தது. 1943 பிப்ரவரி 20 அன்று மாலை, விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்துகொண்டிருந்த தியோனிசியோ புலிதோ என்ற விவசாயியின் வயலில் வெடிப்பு விட்டது. புகையும் சாம்பலும் சீறி வந்தன, கந்தக நெடி வீசியது. மறுநாள் காலையில் அங்கே ஒரு குன்று நின்றது. ஓராண்டில் அது 300 மீட்டரைத் தாண்டியது. 1952-இல் அடங்கியபோது உயரம் 424 மீட்டர். ஓர் எரிமலையைப் பிறப்பிலிருந்து இறப்புவரை விஞ்ஞானிகள் கூடவே இருந்து பார்த்தது மிக அபூர்வம். வீசப்பட்ட உதிரிக் கற்கள் குவிந்து உண்டாகும் இத்தகைய எரிமலைக்குச் சிண்டர் கூம்பு என்று பெயர். அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே கற்றது.

அவ்வளவு வேகமாக எப்படி வளர்கிறது?

எல்லாம் வாயு செய்யும் வேலை. ஆழத்தில் இருக்கும் மாக்மா என்ற உருகிய பாறைக் குழம்பில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு போன்றவை கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறையும். சோடா பாட்டிலைத் திறந்தால் நுரைப்பது போலக் குமிழிகள் கிளம்பி, வாய்ப்பகுதியில் வெடித்து, குழம்பைத் துண்டு துண்டாக வீசும். அந்தத் துண்டுகள் பெரும்பாலும் காற்றிலேயே இறுகிக் கல்லாகிவிடும். பெரியவை பக்கத்திலேயே விழும், பொடிச் சாம்பலைக் காற்று கொண்டுபோகும். விழுந்த கற்கள் ஒன்றோடொன்று ஒட்டாததால், ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரிச் சரிவில் குவியலாக நிற்கும். அந்தக் குவியல்தான் மலை.

அந்தக் கல் ஒன்று கிடைத்தால் கையில் வைத்துப் பாருங்கள். கறுப்பாக இருக்கும், வாய்க்கு அருகில் கிடந்ததென்றால் இரும்பு துருவேறிச் செந்நிறமாக இருக்கும். உடம்பெல்லாம் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வாயுக் குமிழி இருந்த இடம்.

அப்படியானால் லாவா உச்சியிலிருந்து வழிந்து வருமா?

படங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால் இந்த வகை எரிமலையில் லாவா பெரும்பாலும் அடிவாரத்தை உடைத்துக்கொண்டுதான் வெளியேறும். வாயுவை இழந்த குழம்பு கனமானது, உதிரிக் கற்களாலான கூம்பு அதைத் தாங்கி உச்சிவரை ஏற விடாது. சில சமயம் கூம்பின் ஒரு பக்கத்தையே லாவா அடித்துக்கொண்டு போய்விடும், மிச்சம் குதிரை லாடம் போல நிற்கும்.

பரிக்குத்தின் லாவா இரண்டு ஊர்களை மூடியது. மெதுவாக வந்ததால் மக்கள் தப்பினார்கள், ஆனால் வீடும் நிலமும் போயின. சான் ஹுவான் ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் இன்றும் கறுத்து உறைந்த லாவாக் கடலுக்கு மேலே நிற்கிறது. உயிரிழந்த மூவரும் சாம்பல் மேகத்தில் உண்டான மின்னலால் இறந்தவர்கள். இந்த எரிமலைகளைச் சிறியவை என்று ஒதுக்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

அடங்கியது மறுபடி வெடிக்குமா?

பெரும்பாலானவை ஒரே முறை பொங்கி ஓய்ந்துவிடும். பரிக்குத்தினும் அந்த ரகம்தான். அப்புறம் வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று கிளம்பலாம், அந்த வட்டாரத்தில் அப்படி நூற்றுக்கணக்கான கூம்புகள் உள்ளன. விலக்கும் உண்டு. நிகரகுவாவின் செர்ரோ நீக்ரோ 1850-இல் பிறந்தது, அதன்பின் பலமுறை வெடித்துவிட்டது.

இந்தியாவில் இருக்கிறதா?

அந்தமான் கடலில் உள்ள பாரன் (Barren) தீவைச் சொல்லலாம். தீவே ஒரு பெரிய எரிமலையின் உச்சிதான். அதன் பழைய பள்ளத்துக்கு நடுவே ஒரு சிண்டர் கூம்பு எழுந்து நிற்கிறது. நீண்ட காலம் அமைதியாக இருந்து 1991-இல் மறுபடி பொங்கியது, அதன்பிறகும் அவ்வப்போது பொங்குகிறது. அங்கே யாரும் வசிப்பதில்லை. கப்பலில் இருந்தபடி தூரத்தில் பார்ப்பதே நல்லது.