சித்தப்பாவிடம் சொல்லாதது

அன்புள்ள ஐயா,

நான் சேலம் குகையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2021 முதல் மனைவி, மகளோடு இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருக்கிறேன். இதுவும் இரும்பூர்தான் என்று அப்பாவுக்கு ஒரு சந்தோஷம். முறையாக வேலை விசாவில் வந்தோம், வரி கட்டுகிறோம். விசாவைப் புதுப்பித்தபோது பெரியவர்களுக்கு ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டினோம். ஐந்து வருடம் முடிந்தால் நிரந்தரக் குடியிருப்பு என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தோம். அதைப் பத்து வருடமாக்கப் போவதாக 2025 மே மாதம் அரசாங்கம் அறிவித்துவிட்டது.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் ராதரம் பகுதியில் அகதிகள் தங்கியிருந்த ஓட்டலை ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டு தீ வைக்கப் பார்த்தது. அன்று இரவு முன்னறை விளக்கை அணைத்துவிட்டு மாடியில் உட்கார்ந்திருந்தோம். மனைவி மருத்துவமனை நைட் டூட்டிக்குப் போகவில்லை. அம்மா போன் செய்தபோது, "இங்க ஒண்ணும் இல்லம்மா, அது எங்கயோ" என்றேன்.

எனக்கு ஆத்திரம் படகில் வருகிறவர்கள் மேல்தான். அவர்களால் எங்களைப் போல ஒழுங்காக வந்தவர்களுக்கும் கெட்ட பெயர். இதைச் சொன்னால் மனைவி கோபித்துக்கொள்கிறாள்.

கேட்க வந்தது வேறு. போன விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது அம்மாபேட்டையில் சித்தப்பா வீட்டில் விருந்து. "எங்க பாத்தாலும் வடக்கன். பீடா வாயனுங்க. கூலியையே கெடுத்துட்டானுங்க. மொத்தமா ரயிலேத்தி விட்டா ஊரு சரியாப் போயிரும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஷெஃபீல்டில் பஸ்ஸில் ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். நான் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

சித்தப்பா பேச்சில் நியாயமும் இருக்கிறது. அவர் வேலை பார்க்கும் தறிப்பட்டறையில் கூலி உயர்த்திக் கேட்டால், "முடியாதுன்னா போ, நாளைக்கே பத்து வடக்கன எறக்கறேன்" என்கிறாராம் முதலாளி. நான் சும்மா இருந்தது தப்பா? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூன்று வாரம் வந்து போகிறவனுக்கு வாய் திறக்க உரிமை உண்டா?

க., ஷெஃபீல்ட்

*

அன்புள்ள தம்பி,

"இங்க ஒண்ணும் இல்லம்மா" என்று அம்மாவிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் நான் நாலைந்து தடவை படித்தேன்.

என் தாத்தாவின் தங்கை சின்னக் குழந்தையாக இருக்கும்போது ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து அந்தக் குடும்பத்தை, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி இலங்கைக்குக் கூட்டிப்போனார். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டம். 1948-இல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்கள் பல லட்சம் பேரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து தலைகளைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பங்கில்தான் பாட்டி எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்.

ஊரில் அவருக்கு வைத்த பெயர் சிலோன்காரி. ரொட்டியைப் பாண் என்பார். வரிசை வீட்டை லயம் என்பார். பிள்ளைகள் நாங்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்போம். மூடுபனியும் கொழுந்துக் கூடையும் தோட்டத்துத் தீபாவளியும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். அங்கே நம்மவர்களை என்னவென்று கூப்பிட்டார்கள் என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் 'கள்ளத்தோணி' என்று ஒரு சொல் வந்தது. பாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றுவிட்டது. "அது எங்களச் சொன்னதுதான் சாமி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதைச் சொல்வது உங்கள் ஆத்திரத்துக்காகத்தான். பாட்டியின் குடும்பம் கள்ளத்தோணியில் போகவில்லை. வெள்ளைக்கார அரசாங்கம் பார்த்திருக்க, மண்டபத்தில் பெயர் பதிந்து, அம்மைக்குக் குத்தி, டிக்கெட்டோடு கப்பலேறிப் போனவர்கள். உங்களைவிட ஒரு காகிதம்கூடக் குறைவில்லை. முப்பது நாற்பது வருடம் உழைத்த பிறகும் வந்து விழுந்த பெயர் அதுதான். ராதரத்தில் அந்த ஓட்டல் வாசலில் நின்றவர்களில் யாராவது ஜன்னலில் தெரிந்த முகங்களிடம் விசா எந்த வகை என்று விசாரித்தார்களா? நீங்கள் விளக்கை அணைத்ததுகூட, உங்கள் காகிதம் காப்பாற்றாது என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தானே? தங்கை, உங்கள் மனைவி, கோபித்துக்கொள்வது சரி. நான் அவர் பக்கம்.

படகில் வந்தவர்களைப் பார்க்க நீங்கள் ஆங்கிலக் கால்வாய்க்குப் போகவும் வேண்டாம். 1983-க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்த ஈழத்தமிழர்கள் உங்கள் குகையிலிருந்து டவுன் பஸ் தூரத்தில் முகாம்களில் இருக்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு அதை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பெயராவது மாறியதே என்று எனக்கு மகிழ்ச்சி. ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றவர்களில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இல்லையென்றால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. இங்கேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாமல் முப்பது வயதைத் தாண்டியவர்கள் அங்கே உண்டு. உங்கள் ஐந்து பத்தாவதற்கே தூக்கம் போகிறதே, அவர்களுக்கு எண்ணுவதற்கு ஒரு எண்கூட இல்லை.

ராதரத்தில் நடந்ததற்கு ஆரம்பம் ஒரு வதந்தி என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் குத்திக் கொன்றவன் படகில் வந்த அகதி என்று பரப்பினார்கள். அவன் கார்டிஃபில் பிறந்தவன். நம்மிடமும் அதே கதைதான் நடந்தது. 2018 மே மாதம் வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றார்கள். அவர் தமிழ்தான் பேசினார். அவர் பேசியது யார் காதிலும் ஏறவில்லை. உங்கள் சித்தப்பா அப்படி ஒரு கும்பலில் நிற்கிறவர் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் கல்லெறிகிறவன் இப்படிப்பட்ட விருந்துப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன்தான்.

இனி கூலி. இதில் சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். "நாளைக்கே பத்து வடக்கன எறக்கறேன்" என்பது அவர் காதால் கேட்ட சொல், அவர் வயிற்றில் அடிக்கிற சொல். ஆனால் அதைச் சொன்னது யார்? அந்தப் பத்துப் பேரா? இன்ன பட்டறையில் இறங்கப்போகிறோம் என்பதுகூட அந்தப் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்காது.

போன ஜனவரியில் ஏற்காட்டில், நாகலூர் தாண்டி ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிற சமயம் போயிருந்தேன். அந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் பையன்களில் பலர் படித்தும் படிக்காமலும் கீழே இறங்கிவிட்டார்கள். பறிப்பவர்களில் பெரும்பாலோர் ஜார்க்கண்ட் குடும்பங்கள். சாயங்காலம் சாக்குகளை இழுத்து வந்து தராசில் மாட்டுகிறார்கள். பத்தொன்பது இருபது வயதிருக்கும் ஒரு பெண், முள் நிற்கிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாப்பத்திரண்டு" என்று தெளிவாகத் தமிழில் சொன்னாள். ரைட்டர் நாற்பது என்று எழுதப் போனவர் அழித்து எழுதினார். அவளுக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எண்கள் மட்டும்தான். ஒன்றிலிருந்து நூறு வரை ஒரு பிசகில்லாமல் தெரியும்.

வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், இந்தி மொழியா என்று கேட்டேன். இல்லை, குடுக் என்றாள். பல்லைத் தொட்டுக் காட்டி இதற்கு என்ன என்றேன். "பல்". நீ என்பதற்கு "நீன்". கண்ணையும் கண் என்றுதான் சொன்னாள், ககரத்தை மட்டும் தொண்டையில் உரசி. குடுக் திராவிட மொழி என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒரு வாயிலிருந்து வந்து கேட்டது அன்றுதான். உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் மொழிக்கு உறவு என்பதால் இரக்கப்படு என்று சொல்ல வரவில்லை. உறவில்லாத மொழி பேசினாலும் நாற்பத்திரண்டு கிலோ நாற்பத்திரண்டு கிலோதான். இந்திக்காரன், வடக்கன் என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, யாரைச் சொல்கிறோம் என்று ஒரு தடவைகூட நின்று கேட்டதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

அவளுடைய ஆதார் அட்டை அவளிடம் இல்லை, கூட்டி வந்த ஏஜென்ட்டிடம் இருக்கிறது. முன்பணம் கழியும் வரை கொடுக்க மாட்டார். இதைக் கேட்டபோது உங்கள் விசாவை நினைத்துக்கொண்டேன். வேலை கொடுத்த கம்பெனி கைவிட்டால் அறுபது நாளுக்குள் வேறு ஆளைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும் என்ற பயத்தில் சம்பள உயர்வு கேட்காமல் எத்தனை தடவை வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள்? விட்டுப் போக முடியாதவனைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். அவனைக் காட்டி விட்டுப் போகக் கூடியவனையும் மிரட்டலாம். சித்தப்பாவுக்கு நடப்பது இந்த இரண்டாவது.

இதற்குச் சட்டமே இருந்தது. 1979-இல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர் சட்டம். ஆள் கூட்டி வரும் ஒப்பந்தக்காரர் உரிமம் வாங்க வேண்டும், போகவர வழிச்செலவு தர வேண்டும், உள்ளூர்க்காரன் செய்கிற அதே வேலைக்கு அதே கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. 2020-இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அதே வேலைக்கு அதே கூலி என்பது மட்டும் பட்டறையில் நிஜமாக நடந்தால், பத்து வடக்கனை இறக்கி முதலாளிக்கு என்ன லாபம்? ரயிலேற்றி அனுப்பச் சொல்வதை விட்டுவிட்டு, சித்தப்பா அந்தப் பத்துப் பேருக்கும் தன் கூலியைக் கேட்டால் அவர் கூலி காப்பாற்றப்படும். தறிக்காரர்களுக்குச் சங்கம் புதிதல்லவே.

வெளியாள் வந்து ஊர் கெட்டது என்று அவர் மறுபடியும் சொன்னால் ஒன்றை நினைவுபடுத்துங்கள். சேலம் என்றால் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனபோது, 1943-இல் சேலத்து மாணிக்கம் செட்டியாருக்கு மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யும் பக்குவம் தெரிந்த கூட்டாளி கிடைத்தார். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா. பெயரிலேயே தெரியும், வடக்கத்தியார். அந்தக் காலத்தில் யாராவது அவரை ரயிலேற்றி விட்டிருந்தால் இன்று ஆத்தூர் வரை வழியெல்லாம் வெள்ளை வெளேரென்று காய்கிற களங்கள் ஏது?

உரிமை உண்டா என்று கேட்டீர்கள். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் அந்நியனாக நடத்தப்படுவது எப்படி இருக்கும் என்று அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் பேசியிருக்க வேண்டும். ஆனால் ஏன் பேச முடியவில்லை என்றும் எனக்குத் தெரிகிறது. வெளிநாடு போனவர்கள் சாக்லேட்டையும் ஸ்நோமேன் போட்டோவையும்தான் ஊருக்கு அனுப்புகிறார்கள். பஸ்ஸில் கேட்ட சொல்லை அனுப்புவதில்லை. அம்மா தூங்க மாட்டாள், சொந்தக்காரர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்கள், இவ்வளவு செலவழித்துப் போனது இதற்கா என்பார்கள். என் பாட்டியும் அதனால்தான் அந்த ஒரு சொல்லை அத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்தார். உங்கள் சித்தப்பாவுக்கு நீங்கள் இங்கிலாந்தில் ராஜா மாதிரி இருக்கும் பையன். வடக்கன் என்று அவர் சொல்லும்போது எதிரே ஒரு வடக்கன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே உபதேசம் வேண்டாம். சட்டமும் ஜவ்வரிசியும் பிறகு வரட்டும். அடுத்து அவரோடு பேசும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை இரவைச் சொல்லுங்கள். விளக்கை அணைத்தது, தங்கை டூட்டிக்குப் போகாதது, மாடியில் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் பாப்பா என்ன கேட்டாள் என்பது. முன்பின் தெரியாத எனக்கு எழுதிவிட்டீர்கள். அவர் தூக்கி வளர்த்த பிள்ளை நீங்கள்.

அன்புடன்.