தட்டையான மூடி வளையாமல் நிரம்ப கேட்டை எங்கே வைப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 240 மில்லிமீட்டர் நீளம், 120 அகலம், 1.8 தடிமன் உள்ள பிபி (பாலிபுரோப்பிலீன்) மூடி, இஞ்செக்ஷன் மோல்டிங்கில் அடிப்பது. விளிம்பில் மடிப்போ ரிப்போ (விறைப்புக்கான பட்டை) எதுவும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு மூடி வரும் இரண்டு கேவிட்டி மோல்டு. நீளப் பக்கத்தின் நடுவில் 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு எட்ஜ் கேட், அதாவது உருகிய பிளாஸ்டிக் ஓரத்திலிருந்து உள்ளே நுழையும் வாய். எதிர்ப்பக்க மூலைகள் இரண்டும் நிரம்பாமல் ஷார்ட் ஆகின்றன. பிரஷரை ஏற்றினால் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மோல்டின் இடுக்கில் பிதுங்கி ஃப்ளாஷ் வருகிறது. முழுசாக நிரம்பி வந்த பீஸும் மேசையில் வைத்தால் மூலை தூக்கிக்கொண்டு ஆடுகிறது. ரன்னரை (பிளாஸ்டிக்கைக் கேட்டுக்குக் கொண்டுவரும் வாய்க்காலை) பெரிதாக்கலாமா, இன்னொரு கேட் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே வேண்டாம். கேட்டை 120 மில்லிமீட்டர் பக்கத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பக்கம் முழுக்க நீளும் ஃபிலிம் கேட்டாக மாற்றுங்கள்.

காரணம் மெல்ட் (உருகிய பிளாஸ்டிக்) ஓடும் விதத்தில் இருக்கிறது. 4 மில்லிமீட்டர் வாயிலிருந்து உள்ளே வரும் மெல்ட் அரைவட்டமாக விரியும். நடுவில் நேராக ஓடுகிறது, இருபுறமும் பக்கவாட்டில் ஓடுகிறது, மூலைகளுக்குக் கோணலாகப் போகிறது. ஃபில்லர் (கலப்புப் பொருள்) சேர்க்காத பிபி, ஓடிய திசையில் கூடுதலாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் சுருங்கும். ஆக ஒரே மூடியில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு திசையில் சுருங்கப் பார்க்கிறது. பிபியின் சுருக்கம் 1 முதல் 2.5 சதவீதம் வரை போகக்கூடியது. நடுவுக்கும் ஓரத்துக்கும் அரை சதவீதம் வித்தியாசம் வந்தாலே 240 மில்லிமீட்டர் நீளத்தில் 1.2 மில்லிமீட்டர் கூடக்குறைய ஆகிவிடும். பெட்டியாக இருந்தால் சுவர்கள் இழுத்துப் பிடிக்கும். வெறும் தகடு என்ன செய்யும்? மிஞ்சிய நீளத்துக்கு இடமில்லாமல் மேலே தூக்கிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் ஆட்டம் அதுதான்.

மெல்ட்டின் முன்விளிம்பு நேர்கோடாக ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்தால், மூடி முழுக்க ஓட்டத்தின் திசை ஒன்றுதான். அப்போதும் நீளவாக்கில் ஒரு அளவும் அகலவாக்கில் இன்னொரு அளவும் சுருங்கும். ஆனால் எல்லா இடத்திலும் அதே விகிதத்தில் சுருங்கும். அதை மோல்டு ஸ்டீலில் நீளத்துக்கு ஒரு அலவன்ஸ் (சுருக்கத்துக்கான கூடுதல் அளவு), அகலத்துக்கு ஒரு அலவன்ஸ் கொடுத்துச் சரிக்கட்டலாம். வளைவை அப்படி அலவன்ஸ் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

240 மில்லிமீட்டர் தூரம் நிரம்புமா என்ற பயம் வரும். 240ஐ 1.8ஆல் வகுத்தால் 133. அதாவது தடிமனைப் போல 133 மடங்கு தூரம். பிபி 200 மடங்குக்கு மேலேயே ஓடக்கூடியது, கவலை வேண்டாம். இதே மூடி பாலிகார்பனேட் என்றால் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன். கிளாஸ் ஃபைபர் கலந்த மெட்டீரியல் என்றால் கணக்கு தலைகீழ்: ஃபைபர் ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொள்வதால் அந்தத் திசையில் சுருக்கம் குறையும், குறுக்கே கூடும். அங்கே நேரான ஓட்டம் இன்னும் அவசியம்.

இரண்டாவது கேட் ஏன் வேண்டாம் என்றால், ஒரு அரைவட்டத்துக்குப் பதில் இரண்டு அரைவட்டம் வரும், நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வெல்டு லைனும் வரும். ஓட்ட தூரம் போதாதபோதுதான் கேட்டின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது வேறொரு மோல்டில். அது ஒரு டிரே: அடித்தகடு 1.5 மில்லிமீட்டர், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் தடிமனில் விளிம்பு, கேட் விளிம்பில். ஒவ்வொரு ஷாட்டிலும் (மோல்டுக்குள் ஒரு முறை மெல்ட்டைச் செலுத்துவது) அடித்தகட்டின் நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை, அதைச் சுற்றிக் கருகல். பிரஷரை ஏற்றினேன், வேகத்தை ஏற்றினேன், மெல்ட் டெம்பரேச்சரை ஏற்றினேன். விளிம்பெல்லாம் ஃப்ளாஷ் வந்தது, ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்து மெஷினில் இருந்த மூத்த டூல்மேக்கர் வந்து பார்த்தார். "தம்பி, பிரஷரை விடு. ஹோல்டிங்கை ஆஃப் பண்ணிட்டு, ஷாட் அளவைக் குறைச்சுக் குறைச்சு அஞ்சு பீஸ் அடி" என்றார். ஹோல்டிங் என்பது மோல்டு நிரம்பிய பிறகும் விடாமல் கொடுக்கும் பிரஷர். அடித்ததை மேசையில் வரிசையாக அடுக்கினார். 60 சதவீத ஷாட்டில் விளிம்பு மட்டும் போட்டோ ஃபிரேம் மாதிரி முழுசாக நிரம்பியிருந்தது, நடுவே திறந்த ஜன்னல். அடுத்தடுத்த பீஸ்களில் அந்த ஜன்னல் நாலாபுறமும் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பீஸில் ஒரு சின்னத் துளை.

தடித்த விளிம்பில் மெல்ட்டுக்குத் தடை குறைவு, அதனால் அதில் சுற்றி ஓடி முந்திவிட்டது. நடுவில் அகப்பட்ட காற்றுக்கு வெளியே போக வழியில்லை. அமுங்கிச் சூடேறி பிளாஸ்டிக்கையே கருக்கிவிட்டது. பிரஷரை ஏற்ற ஏற்ற அந்தக் காற்றை இன்னும் அமுக்கினேனே தவிர வெளியேற்றவில்லை. பிறகு ஸ்ப்ரூவை (மெஷினிலிருந்து மெல்ட் மோல்டுக்குள் வரும் முதல் வழியை) அடித்தகட்டின் நடுவுக்கே கொண்டுபோனோம். மெல்ட் நடுவிலிருந்து விரிந்து விளிம்பில் முடிந்தது, காற்று பார்ட்டிங் லைன் வென்ட் வழியே, அதாவது மோல்டின் இரு பாதிகள் சேரும் கோட்டில் உள்ள காற்றுவழியே போனது. நடுவில் கேட் வைத்தால் ஓட்டம் எல்லாத் திசையிலும் விரியும்தான். ஆனால் அந்த டிரேயை விளிம்பு விறைப்பாகப் பிடித்துக்கொண்டது. உங்கள் மூடிக்கு விளிம்பு இல்லை, அதனால் அந்த வழி உங்களுக்குச் சரிப்படாது.

இனி ஃபிலிம் கேட்டின் அளவு. 0.6 மில்லிமீட்டர் தடிமன், 0.8 மில்லிமீட்டர் லேண்ட் (மெல்ட் நுழையும் அந்த ஒடுக்கமான வழி) நீளத்தில் ஆரம்பியுங்கள். சீக்கிரம் உறைகிறது என்று தெரிந்தால் தடிமனை 0.9 வரை திறக்கலாம். முதலிலேயே பெரிதாக வெட்டிவிட்டால் வெல்டிங் வைத்துத்தான் திரும்ப வரவேண்டும். கேட்டுக்கு இணையாக ஓடும் பங்கீட்டு ரன்னரை 6 மில்லிமீட்டர் விட்டத்தில் வையுங்கள். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். பங்கீட்டு ரன்னரோடு ஒப்பிட்டால் லேண்ட் தாராளமாக இருந்தால், மெல்ட் நுழையும் நடுப்பகுதி முந்திக்கொள்ளும், பழையபடி அரைவட்டம்தான். ரொம்ப மெலிதாக இருந்தால் நடுவில் வந்த மெல்ட் தயங்கி நின்று ஆறிப்போகும், இரண்டு ஓரமும் முந்திவிடும். அதனால் 0.6இல் டிரையல் எடுத்து, ஷார்ட் ஷாட்களை அந்த மேசையில் போல அடுக்கி, எந்தப் பகுதி பின்தங்குகிறதோ அங்கே லேண்டை 0.05 மில்லிமீட்டர் வீதம் திறந்துகொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் தாளைப் பிதுக்கி எடுக்கும் ஷீட் எக்ஸ்ட்ரூஷன் டையில் நடுவில் லேண்டை நீளமாகவும் ஓரங்களில் குட்டையாகவும் விடுவது இதே காரணத்துக்குத்தான்.

கேட்டை மூடியிலிருந்து வெட்டி எடுக்கும் டிரிம்மிங் கூடுதல் வேலை என்பது உண்மை. ஒரு ஃபிக்ஸ்சரும் (மூடியைப் பிடித்துவைக்கும் சட்டம்) கூரான பிளேடும் இருந்தால் பிபி சுத்தமாக வெட்டுப்படும். வளைந்த மூடிகளைப் பொறுக்கி ஒதுக்குவதைவிட அந்த வேலை மேல்.

ரன்னரின் குறுக்குவெட்டு முழு வட்டமாக, மோல்டின் இரண்டு பிளேட்டிலும் பாதிப்பாதி வெட்டியதாக இருக்கட்டும். அதே பரப்புக்குச் சுற்றளவு குறைவு என்பதால் சுவரில் உறைந்து வீணாகும் தோல் குறைவு. இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தாது என்று தோன்றினால் ஒரே பிளேட்டில் டிரபீசியம் வெட்டுங்கள். அரைவட்டம் மட்டும் வேண்டாம். ரன்னரைப் பெரிதாக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்: 5 மில்லிமீட்டரை 6 ஆக்கினால், சாதாரணத் திரவமாக இருந்தால் அதே பிரஷரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடும், பிளாஸ்டிக்கில் விகிதம் மாறும். ஆனால் ரன்னரின் எடை 44 சதவீதம் கூடும், அது ஆற எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவே கூடும். 1.8 மில்லிமீட்டர் மூடி எப்போதோ ஆறிவிட்டிருக்கும், மெஷின் ரன்னருக்காகக் காத்திருக்கும். ரன்னரின் வேலை மெல்ட்டைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும்தான். உங்கள் மூலைகள் ஷார்ட் ஆவதற்கு அது காரணமில்லை. ரன்னர் திரும்பும் இடத்தில் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கோல்டு ஸ்லக் குழி விடுங்கள். மெஷினின் நாசில் நுனியில் ஆறிய துளி கேட்டில் போய்ச் சிக்கக் கூடாது.

இப்போதைய மோல்டில் இன்சர்ட்டுகளை (மூடியின் வடிவம் வெட்டிய கட்டைகளை) திருப்பி வைக்க முடிந்தால், இரண்டு குட்டைப் பக்கங்களும் ஸ்ப்ரூவைப் பார்க்கும்படி எதிரெதிராக வையுங்கள். மோல்டு நீளமாகும், மெஷினின் டை பார்களுக்கு (தாங்கு தண்டுகளுக்கு) இடையில் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் இருக்கும் நீளப் பக்கத்திலேயே 240 மில்லிமீட்டருக்கும் ஃபிலிம் கேட் வெட்டலாம். ஓட்டம் நேராகத்தான் வரும், தூரமும் 120 தான். அவ்வளவு நீளக் கேட்டைச் சமன்படுத்துவதும் டிரிம் செய்வதும்தான் சிரமம். கிளாம்பையும் (மெஷின் மோல்டை மூடிப் பிடிக்கும் விசையையும்) சரிபாருங்கள்: ஒரு மூடி 288 சதுர சென்டிமீட்டர், இரண்டுக்கு 576. கேவிட்டியில் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ என்று வைத்தாலே 173 டன் வந்துவிடுகிறது. அதைவிடச் சின்ன மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தால் ஃப்ளாஷுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்டுக்கு எதிர்ப்பக்கம் முழுக்க 0.02 மில்லிமீட்டர் ஆழத்தில் வென்ட் வையுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி அதை ஆழமாக்கி வெளியே விடுங்கள்.

டிரையலில் மூடி முழுசாக நிரம்பியதும், ஹோல்டிங் நேரத்தை அரை அரை வினாடியாகக் கூட்டி ஒவ்வொரு பீஸையும் ரன்னர் இல்லாமல் எடை போடுங்கள். எடை ஏறுவது எந்த நேரத்தில் நிற்கிறதோ அங்கே கேட் உறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அரை வினாடி சேர்த்து ஹோல்டிங்கை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.