மூன்று குளிர்காலத்தில் வேலி ஏன் கிளம்பியது?

கேள்வி: ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் வீடு வாங்கியதும் பின்வளவைச் சுற்றி 6 அடி உயர மரவேலி போட்டோம். மூன்று குளிர்காலம்தான் போயிருக்கிறது. சில தூண்கள் மேலே கிளம்பிவிட்டன. படலை பூட்ட முடியவில்லை. ஒரு பக்கம் அயலவரின் வளவுக்குள் சரிந்து நிற்கிறது. புதிதாகப் போட விலை கேட்டோம். ஒருவர் "சீடார் பலகை போட்டால் இந்தக் கரைச்சல் வராது" என்கிறார். இன்னொருவர் பழைய கொங்கிறீட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே இரும்புத் தாங்கி பூட்டித் தூணை நிறுத்தலாம், பாதி விலைதான் என்கிறார். எது சரி? பனி கொட்டுவதற்கு முன் முடிக்கலாமா?

பதில்: இரண்டுமே சரியில்லை. இருவரும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற பகுதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உங்கள் வேலி பழுதானது மண்ணுக்குள்ளே.

ரொறன்ரோ வட்டாரத்தில் பல இடங்களில் களிமண். இலையுதிர்கால மழையை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குளிர் தொடங்கியதும் நிலம் மேலிருந்து கீழாக உறையும். உறையும் மண் சும்மா இருக்காது; கீழே இருக்கிற ஈரத்தை மேலே இழுத்து, மண்ணுக்குள்ளே பனிக்கட்டித் தட்டுகளாகச் சேர்த்துக்கொண்டே போகும். தட்டுத் தடிக்கத் தடிக்க மேல்மண் உயரும். அந்த மண் உங்கள் தூணையும் கொங்கிறீட்டையும் பக்கவாட்டில் இறுகப் பிடித்திருப்பதால் அவற்றையும் சேர்த்துத் தூக்கும். வசந்தத்தில் பனி கரையும்போது தூணுக்கு அடியில் உண்டான வெற்றிடத்தில் மண்ணும் சேறும் விழுந்துவிடும். தூண் பழைய இடத்துக்கு இறங்காது. அடுத்த வருடம் அங்கிருந்து இன்னும் கொஞ்சம் ஏறும். மூன்று குளிர்காலத்தில் படலை பூட்ட முடியாமல் போனது இப்படித்தான்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: தூணின் அடி, உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்கவேண்டும். ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் அந்த ஆழம் 4 அடி, அதாவது 1.2 மீற்றர். ஒட்டாவா பக்கம் இன்னும் ஆழம். ஊரில் கிளுவங் கதியாலை ஒரு முழம் ஊன்றிவிட்டால் அது வேர்விட்டுத் தானே நிற்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் "இரண்டு அடி காணும்" என்று நம்மில் பலர் தலையாட்டிவிடுகிறோம். காணாது.

இனி, அளவுகோலோ தொழில் அறிவோ இல்லாமல் நீங்களே பிடிக்கக்கூடிய ஒரு விடயம் சொல்கிறேன். விலை சொல்ல வருகிறவரிடம் "தூணின் நீளம் எத்தனை அடி?" என்று கேளுங்கள். வேலி 6 அடி மேலே நிற்கிறது. 4 அடி மண்ணுக்குள் போகவேண்டும். ஆகவே 10 அடித் தூண். அவர் 8 அடித் தூண் என்றால், மிச்சம் 2 அடிதான் உள்ளே போகப்போகிறது. வாயால் அவர் என்ன சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது. உங்கள் பழைய வேலியிலும் 8 அடித் தூணாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கிளம்பி நிற்கிற ஒன்றைப் பிடுங்கும்போது அளந்து பாருங்கள்.

இரண்டாவது, கொங்கிறீட் மூடைகளை எண்ணுங்கள். 10 அங்குல அகலமும் 4 அடி ஆழமும் உள்ள கிடங்கில் 4 அங்குலத் தூணை நிறுத்தி நிரப்ப, 30 கிலோ மூடை ஏறக்குறைய மூன்றரை, நான்கு வேண்டும். 20 தூண் உள்ள வேலிக்கு முற்றத்தில் 20 மூடை வந்து இறங்கினால் கிடங்கு எப்படி இருக்கப்போகிறது என்று உங்களுக்கே விளங்கிவிடும். "அடியில் சல்லி போடுகிறோம், அதனால் குறைவு" என்பார்கள். அடியில் ஆறு அங்குலம் சல்லி போடுவது நல்ல பழக்கம்தான், தண்ணீர் வடியும். ஆனால் அது தூணுக்கு அரை மூடையைத்தான் மிச்சப்படுத்தும், மூன்று மூடையை அல்ல.

கிடங்கின் வடிவமும் முக்கியம். மேலே அகன்று கீழே ஒடுங்கினால், அந்த அகன்ற கழுத்தைப் பனி அடியில் பிடித்து நெம்பும். கீழே அகலமாகவும் மேலே பக்கங்கள் ஒழுங்காகவும் இருக்கவேண்டும். கிடங்கின் மேற்பகுதிக்குள் வட்டமான அட்டைக் குழாயை இறக்கி அதற்குள் ஊற்றினால் பக்கங்கள் வழுவழுப்பாக வரும். மண் பிடிக்கப் பிடி இருக்காது. கொங்கிறீட்டின் தலையைத் தூணிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்துவிடச் சொல்லுங்கள், தண்ணீர் தேங்காது.

இரும்புத் தாங்கிக்காரருக்கு வருவோம். பழைய கொங்கிறீட்டே பனியில் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் எதைப் பூட்டினாலும் அதுவும் சேர்ந்து எழும்பும். பாதி விலை கொடுத்து அதே வேலியை இரண்டாம் தரம் வாங்குவதற்கு ஏன் காசு? பழைய கட்டிகளை முழுதாகத் தோண்டி எடுக்கச் செலவு அதிகம் என்றால், புதிய தூண்களின் இடத்தைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். முதல் இடைவெளியை மட்டும் பாதியாக்கினால் மற்றக் கிடங்குகள் எல்லாம் பழைய கட்டிகளுக்கு நடுவே, குழம்பாத மண்ணில் விழும். நல்ல வேலைக்காரர் இதைத் தானாகவே சொல்வார்.

சீடார் நல்ல மரம். நிறம் அழகு, பலகை கோணாது, சீக்கிரம் உக்காது. ஆனால் தூண் கிளம்புவதற்கும் பலகையின் சாதிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. காசு இருந்தால் பலகைக்கு சீடார் வாங்குங்கள். தூணுக்கு, உக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம்தான். அதிலும் மண்ணோடு தொடுவதற்கென்று முத்திரை குத்தியதாகப் பார்த்து வாங்குங்கள். அறுத்த முனை மண்ணுக்குள் போகக்கூடாது. மேலே அறுத்த இடங்களுக்கு மருந்து பூசவேண்டும். இப்போது வரும் மருந்தில் செம்பு அதிகம் என்பதால் சாதாரண ஆணி சீக்கிரம் அரித்துப்போகும். உருக்கிய நாகத்தில் (zinc) தோய்த்தெடுத்த ஆணியோ துருப்பிடிக்காத ஆணியோ கேளுங்கள். பலகையின் அடி நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் உயர நிற்கட்டும்.

உங்கள் வேலிக்கு இது பொருந்தாது, ஆனால் அயலில் இன்னும் பழைய வேலிகள் நிற்பதால் சொல்கிறேன். 2004 க்கு முந்திய மருந்தேற்றிய மரத்தில் பெரும்பாலும் ஆர்சனிக் இருக்கும். அதை அறுத்து முற்றத்தில் தீ மூட்டிக் குளிர்காயாதீர்கள். சாம்பலும் புகையும் நஞ்சு.

இனி நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் இடம். உங்களிடம் விலை சொல்ல வருகிறவர் பெரும்பாலும் கிடங்கு தோண்டுகிறவர் அல்ல. கடையிலோ, கோயிலிலோ, தெரிந்தவர் மூலமோ வருவார். "எங்கட ஆக்கள், பயப்படாதேங்கோ" என்பார். முற்பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றுவார். அந்த இன்னொருவர் அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து, தன் பங்கை எடுத்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுப்பார். கடைசியில் கிடங்கு தோண்டுகிற பொடியனுக்கு மிஞ்சுவது சொற்பம். அவன் 4 அடி ஏன் தோண்டப்போகிறான்? அவனில் கோபப்பட ஒன்றுமில்லை. நடுவில் நின்று எடுத்தவர்களைத்தான் கேட்கவேண்டும். அவர்களோ உங்கள் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள்.

"பற்றுச்சீட்டு வேண்டாம் என்றால் 13 சதவீத வரி மிச்சம்" என்ற பேச்சுக்கு மயங்கவேண்டாம். தாளில் இல்லாத வேலைக்கு உத்தரவாதமும் இல்லை. ஒப்பந்தத்தில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்: தூணின் நீளம், கிடங்கின் ஆழம், தூணுக்கு எத்தனை மூடை, எந்த ஆணி. எழுத மறுப்பவரை அனுப்பிவிடுங்கள். முற்பணம் சிறிதாக இருக்கட்டும். கிடங்குகள் தோண்டி முடிந்து, கொங்கிறீட் ஊற்ற முன், ஒரு தடியை விட்டு அளந்து பார்த்த பிறகு அடுத்த தவணை கொடுங்கள். ஊற்றிய பின் அளக்க முடியாது.

ஒன்ராறியோ மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குச் சில பிடிகள் தருகிறது. வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீடு ஒன்று எழுதியிருந்தால், நீங்கள் புதிதாக ஒப்புக்கொண்டாலொழிய அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது. இரண்டுக்கும் தாள் வேண்டும்.

4 அடி என்று இவ்வளவு அழுத்திச் சொன்னேன். அதற்கு ஒரு இடத்தில் மட்டும் விலக்கு உண்டு. அதை விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகலாம். நிலத்தைத் தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற அமைப்புக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். சேவை இலவசம். ஐந்து வேலைநாள் முன்னதாகச் சொன்னால், எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் குழாய்களும் கம்பிகளும் போகிற பாதையை நிலத்தில் நிறம் பூசிக் காட்டுவார்கள். மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைத்தொடர்பு. வேலை செய்கிறவரே தன் பெயரில் இந்த அடையாளத் தாளை எடுக்கவேண்டும். அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். நிறக்கோட்டுக்கு இரு பக்கமும் 1 மீற்றருக்குள் மெசின் வைக்கக்கூடாது. கையால் தோண்டவேண்டும், அல்லது தண்ணீரால் மண்ணைக் கரைத்து உறிஞ்சும் வாகனத்தைக் கூப்பிடவேண்டும். கோடு வேலி நிற்கப்போகிற பாதையிலேயே போனால் அங்கே 4 அடிக்கு அடம்பிடிக்காதீர்கள். தூணின் இடத்தை மாற்றுங்கள், இடைவெளியைக் கூட்டிக் குறுக்குச் சட்டத்தைப் பலப்படுத்துங்கள், அல்லது வேலியையே உங்கள் பக்கம் கொஞ்சம் உள்ளே இழுங்கள்.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. அவர்கள் அடையாளமிடுவது அந்தந்த நிறுவனங்களுக்குச் சொந்தமான பாதைகளை மட்டும். வீட்டிலுள்ள எரிவாயு, மின்சார மீற்றர் பெட்டிகளுக்குப் பிறகு உங்கள் வளவுக்குள் போவது உங்கள் பொறுப்பு. முன்பு இருந்தவர் பார்பிகியூவுக்கு எரிவாயுக் குழாய் இழுத்திருக்கலாம். கராஜுக்கு மின்கம்பி புதைத்திருக்கலாம். நீச்சல் குளம் இருந்து மூடியிருக்கலாம். இவை எதற்கும் நிலத்தில் நிறம் விழாது. சந்தேகம் இருந்தால் தனியார் ஒருவரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

ஐந்து நாள் என்று சட்டம் சொன்னாலும் வேலைக்காலத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். ஒரு நிறுவனம் வந்துபோகும், மற்றது வராது. வேலைக்காரர் பொறுமையிழந்து "பரவாயில்லை, பார்த்துத் தோண்டுவோம்" என்பார். சட்டத்தை எழுதியவர்கள் அதை நடத்தவும் ஆள் வைத்திருக்கவேண்டும். வைக்காததன் அபாயம் சாதாரண வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. அப்படியிருந்தும், எல்லா நிறமும் வரும்வரை ஒரு மண்வெட்டிகூட விழவிடாதீர்கள்.

உயரத்திலும் இதே அலைச்சல். ரொறன்ரோவில் வீட்டின் பின்வளவு வேலி பொதுவாக 2 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. 6 அடிப் பலகை 1.83 மீற்றர்தான். அதன் மேல் அழகுக்கு ஒரு அடி பின்னல் தட்டி வைத்தால் 2.13 ஆகிவிடும், அயலவர் ஒரு முறைப்பாடு கொடுத்தால் கழற்றவேண்டி வரும். தெருவைத் தாண்டி மார்க்கம் நகரிலோ பிக்கரிங் நகரிலோ இருந்தால் விதி வேறு. ஒரே மண், ஒரே பனி, ஒவ்வொரு நகரசபைக்கும் ஒவ்வொரு புத்தகம். உங்கள் நகரசபையில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அயலவர் பக்கம் சரிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரோடு இப்போதே கதையுங்கள். பழைய வேலி நின்ற இடம்தான் எல்லை என்று நினைக்கவேண்டாம். வீடு வாங்கியபோது கிடைத்த அளவைப் படத்தைப் பாருங்கள். மூலைகளில் இரும்புக் கம்பி இருந்தால் அதுதான் அடையாளம். அதைப் பிடுங்குவது குற்றவியல் சட்டப்படி குற்றம். செலவில் பாதி தருவதாகச் சொன்னால் நல்லது, எழுதி வாங்குங்கள்.

பனிக்கு முன் முடிக்கலாமா என்றால், முடிக்கலாம். ஒக்ரோபரில் மண் இளக்கமாக இருக்கும், நல்ல வேலைக்காரர்கள் வசந்தத்தைவிட இப்போதுதான் கிடைப்பார்கள். கொங்கிறீட் இறுகும்வரை உறையக்கூடாது என்பதால், இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகிற நாட்களுக்கு முன் ஊற்றிவிடுங்கள். அடையாளமிடும் தாள்கள் பிந்தி, அதற்குள் நிலம் உறையத் தொடங்கினால் அவசரப்படாமல் அடுத்த வசந்தத்துக்கு விடுங்கள். இந்தக் குளிர்காலம் சரிந்த பக்கத்துக்கு இரண்டு முட்டுக்கட்டை போதும். மருந்தேற்றிய மரம் ஈரத்தோடு வருவதால் பலகைகளை நெருக்கி அடிக்கச் சொல்லுங்கள், காய்ந்ததும் தானே இடைவெளி விடும். வர்ணம் பூசுவது அடுத்த கோடைக்கு. பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் இன்னும் காயவில்லை, உள்ளே இறங்கினால் பூசலாம்.