மழைக்கு முன் வீட்டைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் என்பதால் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கரண்ட், கீசர், பேட்டரி, கேஸ் என்றே இருந்தன. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள், இந்தப் பக்கத்தில் எனக்கு அதைவிட முக்கியமானது வேறு இல்லை.

மழை பெய்தாலே எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறது. வெயில் அடித்தால் ஒழுங்காக நிற்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "இது சும்மா தொல்லை சார், எம்.சி.பி. இருக்கே, அது போதும், இதை பைபாஸ் பண்ணிடலாம்" என்கிறார். செய்யலாமா?
வாசகர், தஞ்சாவூர்

செய்யவே கூடாது. அந்தக் கருவி தொல்லை பண்ணவில்லை, உங்கள் வீட்டில் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மழையில் மட்டும் கசிகிறது என்றால் எங்கேயோ ஈரம் இறங்குகிறது, அவ்வளவுதான்.

எம்.சி.பி. போதும் என்று பல எலக்ட்ரீஷியன்களே நம்புகிறார்கள், அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுவதற்காக உள்ளது. லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ ஒயர் சூடாகித் தீப்பிடிக்கக் கூடாது என்பதுதான் அதன் வேலை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அது 16,000 மில்லி ஆம்பியர். ஈரக் கையும் வெறுங்காலுமாக ஒருவர் கரண்ட் வந்த இரும்பைத் தொட்டால் அவர் உடம்பு வழியாகப் போவது ஏறக்குறைய 200 மில்லி ஆம்பியர்தான். உயிர் போக அது தாராளம், ஆனால் எம்.சி.பி.க்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி வேலை செய்கிறது: லைனில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கட் பண்ணிவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 100, 300 என்றும் கடையில் இருக்கும், அவை ஆளைக் காப்பாற்றாது.

இனி கசிவைக் கண்டுபிடிப்போம். அடுத்த முறை ட்ரிப் ஆகும்போது எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் மேலே தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. மழைக்காலத்தில் பெரும்பாலும் சிக்குவது மொட்டை மாடி லைட், கேட் லைட், காலிங் பெல், போர் மோட்டார், அல்லது வெளிச்சுவரில் ஓதம் ஏறிய ஸ்விட்ச் போர்டு. அந்த லைனை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மீதி வீட்டை ஓட்டலாம், மழை விட்டதும் ஆள் வைத்துச் சரி செய்யலாம். எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் எங்கேயோ நியூட்ரல் ஒயர் எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் சாதாரண ஒற்றை எம்.சி.பி. கரண்ட் வரும் லைன் ஒயரை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். இன்வெர்ட்டர் போட்ட வீடுகளில் இன்வெர்ட்டர் நியூட்ரலும் ஈ.பி. நியூட்ரலும் ஒன்றாகக் கலந்துகிடந்தாலும் இதே தொல்லை வரும். இதெல்லாம் நீங்களே நோண்டிப் பார்க்கும் வேலை இல்லை, ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும், விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். அந்த பட்டன் உங்கள் வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது, அது தனி வேலை. எர்த் சரியாக இருந்தால் ஃபிரிட்ஜ் பாடியில் கரண்ட் இறங்கிய அந்த நொடியே, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் ஒரு ஆள் தொட்ட பிறகுதான் விழும். பழைய வீடுகளில், முக்கியமாகக் கடலோர ஊர்களில், எர்த் குழியில் இறக்கிய பைப் உப்பு அரித்து இற்றுப்போயிருக்கும், அதிலிருந்து வீட்டுக்குள் வரும் கம்பி எப்போதோ அறுந்திருக்கும். மீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று எர்த் அடிக்கிறது, செருப்பு போட்டால் சரியாகிவிடுகிறது என்று இன்னும் இரண்டு வாசகிகள் எழுதியிருந்தார்கள். அம்மா, செருப்பு தீர்வு இல்லை, உங்களுக்கான பதிலும் இதுதான், மெஷினை இன்றே பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

2015லும் சரி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சரி, எங்கள் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் எத்தனை நாள் கழித்து ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினைப் போடலாம்? மறுபடி வந்தால் முதலில் என்ன செய்வது?
வாசகி, முடிச்சூர்

நாள் கணக்கு சொல்ல முடியாது. நான்கு நாள் காய்ந்த வீட்டிலும் சுவருக்குள் போகும் பைப்பில் தண்ணீர் தங்கியிருக்கும், பிளக் பாயின்ட்டுக்குள் சேறு இருக்கும். தண்ணீர் தொட்ட ஒவ்வொரு போர்டையும் கழற்றி, கழுவி, காயவைத்து, சோதித்த பிறகுதான் மெயினைப் போட வேண்டும். தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் காயவைத்து மறுபடி மாட்டாதீர்கள், உள்ளே சேறு போன கருவி அவசரத்துக்கு விழாது, புதிதுதான் போட வேண்டும்.

ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் மூடிய பெட்டி, அதற்குள் தண்ணீர் போகாது. ஆனால் அதன் பக்கத்தில் இருக்கும், கம்ப்ரஸரை ஸ்டார்ட் செய்யும் ரிலே, ஒயர் முனைகள் எல்லாம் அடியில்தான் இருக்கின்றன. வாஷிங் மெஷினுக்கும் மோட்டார் பெரும்பாலும் அடியில்தான். மெக்கானிக் வந்து பார்ப்பதற்குள் "வேலை செய்கிறதா பார்க்கலாமே" என்று ஒருமுறை சுவிட்சைப் போட்டீர்கள் என்றால், இருநூறு ரூபாய் ரிலேயோடு போயிருக்க வேண்டியது மோட்டாரோடு போகும், ஷாக்கும் அடிக்கலாம். வெள்ளத்தண்ணீர் பட்ட ஃபிரிட்ஜில் இருந்த சாப்பாட்டை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர் ஏறும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாசற்படிக்குத் தண்ணீர் வந்தாலே, அடி பிளக் பாயின்ட்டைத் தொடும்வரை காத்திருக்காமல், மெயினை இறக்குங்கள். கூடவே இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணுங்கள், இதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள், மெயின் இறங்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டருக்கு மூடி போட்டு, ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டுங்கள். நிறைந்த சிலிண்டர்கூட மிதக்கும் என்பது பலருக்குத் தெரியாது: இரும்பு 15, 16 கிலோ, உள்ளே கேஸ் 14.2 கிலோ, மொத்தம் 30 கிலோ சொச்சம், ஆனால் அது அடைக்கும் இடமோ 33 லிட்டருக்கும் மேல், அவ்வளவு தண்ணீரின் எடை 33 கிலோவைத் தாண்டும். ட்யூபோடு மிதந்து போய் இழுபட்டால் கேஸ் கசியும். ஏற்கெனவே முழங்கால் தண்ணீர் நிற்கிறது, மெயின் போர்டுக்குப் போக அதில்தான் நடக்க வேண்டும் என்றால் போகாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987க்குப் போன் செய்து தெருவுக்கே சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள்.

மார்ச் மாதத்திலிருந்து கீசர் போடவே இல்லை. இப்போது போட்டால் கடகடவென்று சத்தம் வருகிறது, தண்ணீர் சூடாக நேரமாகிறது. போர் தண்ணீர்தான். புதிது வாங்க வேண்டுமா?
வாசகர், மதுரை

வேண்டியதில்லை, சர்வீஸ் போதும். போர் தண்ணீரின் உப்பு, சூடேற்றும் காயில் மேல் கெட்டியாகப் படிந்திருக்கிறது. அந்தப் படிவத்துக்குள் தண்ணீர் மாட்டிக்கொண்டு கொதிப்பதுதான் சத்தம். அப்படியே ஓட்டினால் கரண்ட் பில் ஏறும், ஒருநாள் காயில் வெடித்து கரண்ட் தண்ணீருக்குள் இறங்கும். கீசருக்குக் கண்டிப்பாக ஆர்.சி.சி.பி. வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சர்வீஸுக்கு வருபவரிடம் காயிலில் உப்பு எடுப்பதோடு, மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது, கடின நீர் ஊரில் ஓரிரு வருடத்தில் தீர்ந்துவிடும். அது தீர்ந்ததும் தொட்டி ஓட்டையாகும், அப்போது புதிது வாங்கியே ஆக வேண்டும். நிறையப் பேர் இந்த ராடைப் பார்க்காமலே நல்ல கீசரைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

சேஃப்டி வால்வில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் வருகிறது என்று யாராவது அதை அடைத்து வைத்திருந்தால் உடனே எடுங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற அது ஒன்றுதான் வழி. பல மாதம் கழித்துப் போடும்போது முதலில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு சுவிட்ச் போடுங்கள், காலித் தொட்டி சூடாகக் கூடாது. 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் கன்வெர்ட்டர் மாட்டிப் போட்டிருந்தால் பிளக் உருகும்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குளியலறைக்குள் வைக்காதீர்கள். மழை, குளிர் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கும்போது கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது, மயக்கம் வருவதே முதல் அறிகுறியாக இருக்கும். பெட்டி வெளிச்சுவரில் இருக்கட்டும், தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

கேஸ் சிலிண்டரில் 'பி-27' என்று எழுதியிருக்கிறது. இது என்ன தேதி?
வாசகி, நாகர்கோவில்

அந்த சிலிண்டரை அடுத்து சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் வருடத்தைக் குறிக்கும். உங்களுடையது 2027 ஜூன் வரை. தேதி கடந்த சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். ட்யூபிலும் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருடத்தில் மாற்றிவிடுங்கள். கேஸ் வாசனை வந்தால் ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், ஓடுகிற ஃபேனை நிறுத்தவும் வேண்டாம், ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவைத் திறங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு கிடக்கும், அதனால் ஜன்னலைவிடக் கதவுதான் முக்கியம். வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்குப் போன் செய்யுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியை மாடிப்படிக்கு அடியில், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?
வாசகர், திருவண்ணாமலை

முதலில் இடத்தை மாற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும், பக்கத்தில் விளக்கு எரியக் கூடாது. காற்றோட்டம் இருக்கிற இடமாக, தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போய்ப் போய் வருவதால் பேட்டரி அதிகம் உழைக்கும், டிஸ்டில்டு வாட்டர் வேகமாகக் குறையும், மாதம் ஒருமுறை மிதவையைப் பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானதுதானே, மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றலாமா என்றெல்லாம் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம், ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டரின் விலை பேட்டரி விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

ஏ.சி. அவுட்டோர் யூனிட்டை மழைக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடலாமா?
வாசகி, சேலம்

வேண்டாம். மழையில் நிற்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். கவர் போட்டால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், எலி குடித்தனம் வரும், ஒயரைக் கடிக்கும். மறந்துபோய்க் கவரோடு ஓட்டினால் கம்ப்ரஸர் போய்விடும்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டில் தண்ணீர் தேங்குகிறது. ரிப்பேரா?
வாசகர், விழுப்புரம்

ரிப்பேர் இல்லை. உள்ளே உருகும் பனி அந்தத் தட்டுக்கு வந்து கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகப் போகும். மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் முழுசாக ஆவியாகாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான், முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். தெருவெல்லாம் மருந்து அடித்தும் வீட்டுக்குள் கொசு வருகிறதே என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மழைக்காலத்தில் துணி காயப்போட ஷீட் போட்ட தாழ்வாரத்தில் கம்பி கட்டலாம் என்று இருக்கிறோம். ஒரு முனையை ஈ.பி. சர்வீஸ் ஒயர் வரும் பைப்பில் கட்டினால் வசதியாக இருக்கும்.
வாசகர், பொள்ளாச்சி

தயவுசெய்து கட்டாதீர்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தித்தாளில் வரும் சாவுகளில் துணிக்கொடியும் இருக்கிறது. சர்வீஸ் ஒயரின் ரப்பர் வெயிலில் வெடித்து, பைப்பில் உரசி, கரண்ட் பைப்புக்கு வரும், பைப்பிலிருந்து கம்பிக்கு வரும், ஈரத்துணியைப் போடப் போனவர் மாட்டிக்கொள்வார், காப்பாற்ற ஓடி வந்து பிடித்தவரும் சேர்ந்தே போவார். இந்தக் கசிவு மீட்டருக்கு முன்னாலேயே நடப்பதால் உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யும் உதவிக்கு வராது. நைலான் கயிறு வாங்குங்கள், அதையும் சர்வீஸ் பைப், ஷீட் இரும்பு, கம்பம் எதிலும் கட்டாமல் சுவரில் கொக்கி அடித்து அதில் கட்டுங்கள். பக்கத்து வீட்டில் கம்பிக்கொடி இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். யாராவது மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் ஆளைத் தொடாமல், காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ கம்பியிலிருந்து தள்ளிவிட்டு, 108க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், போனில் இருப்பவர் எப்படி என்று சொல்வார்.