"சர்க்கரை குணமாகும்" ரீல்ஸை இன்னிக்கே நீக்கிடுங்க அக்கா

வண்ணாரப்பேட்டை அக்கா, சத்துமாவு ரீல்ஸ்ல "30 நாள்ல சர்க்கரை குணமாகும்"னு போட்டதுக்கு ஒருத்தர் புகார் கொடுப்பேன்னு மிரட்டுறார்னு எழுதியிருந்தீங்க. முதல்ல அந்த ரீல்ஸை நீக்கிடுங்க. சர்க்கரை நோயைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்றதையே 1954-ம் வருஷச் சட்டம் தடை பண்ணுது. முதல் தடவைக்கே 6 மாசம் வரை ஜெயில் போடலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல 10 லட்சம் வரை அபராதம். வீட்டுல இருந்துதானே விக்கிறேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

கஸ்டமர் அனுப்பின "எங்கம்மாவுக்கு சுகர் இறங்கிடுச்சு" வாய்ஸ் நோட்டை ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கீங்களே, அதுவும் விளம்பரம்தான். பாக்கெட் ஸ்டிக்கர்லயும் இப்படி ஏதாவது இருக்கான்னு பாருங்க. உங்க மாவை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திட்டா? எனக்கு அதுதான் பயமா இருக்கு.

கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, அரைச்ச தேதி, இவ்வளவு சொன்னா போதும். தண்டையார்பேட்டையில நானும் மசாலா விக்கிறேன். மில்லுல இருந்து சூடா கொட்டுற மிளகாத்தூள் வீடியோவுக்குத்தான் ஆர்டர் வருது.