கட்டைவிரல் புடைப்புக்கு நுண்துளை அறுவை சிகிச்சை: மறுநாளே நடக்க முடியுமா?

கேள்வி: வயது 52, பள்ளி ஆசிரியை. வலது கால் கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அடியில் எலும்பு புடைத்திருக்கிறது. சர்க்கரையும் உண்டு. லேப்ராஸ்கோப்பி போலத் துளை போட்டே சரிசெய்யலாம், மறுநாளே நடக்கலாம் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: நடக்கலாம், உண்மைதான். அதை நம்பி இரண்டே வாரத்தில் வகுப்புக்குப் போய்விடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

ஹாலக்ஸ் வால்கஸ் என்ற இந்தப் பிரச்சினையில் புடைத்திருப்பது பெரும்பாலும் புதிதாக வளர்ந்த எலும்பு அல்ல. பாதத்தின் நீள எலும்பு ஒரு பக்கம் விலக, விரல் மறுபக்கம் சாய, நடுவிலுள்ள மூட்டு துருத்திக்கொள்கிறது. புடைப்பை மட்டும் செதுக்கினால் திரும்ப வரும். எலும்பை அறுத்து, நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு நிறுத்த வேண்டும்.

நுண்துளை முறையில் இதற்குச் சில மில்லிமீட்டர் அளவுத் துளைகள் போதும். லேப்ராஸ்கோப்பியில் இருப்பதுபோல் இதில் கேமரா கிடையாது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பர் என்ற சுழலும் கருவியால் அறுக்கிறோம். சூட்டில் எலும்பும் தோலும் வெந்துவிடாமல் சலைன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அரைபட்ட எலும்பு குழைத்த சுண்ணாம்பு மாதிரி துளை வழியே வரும், பிதுக்கிக் கழுவிவிடுவோம்.

ஆக, சிறியது தோல் காயம்தான். ஆரம்ப வலியும் தழும்பும் குறையும். ஆனால் அறுத்த எலும்பு ஒன்றுசேர எப்படியும் 6 முதல் 8 வாரம் ஆகும். மறுநாள் நடை என்பது, கெட்டியான தட்டை அடியுள்ள தனிச் செருப்போடு வீட்டுக்குள் பாத்ரூம் வரை போய்வருவது. மற்ற நேரம் கால் தலையணைமேல். வீக்கம் முழுதாக வடிய 3 முதல் 6 மாதம் பிடிக்கலாம். நின்றே பாடம் நடத்துபவர் நீங்கள். கோடை விடுமுறையை ஒட்டி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அப்புறம், மெட்டியை முன்பே கழற்றிவிடுங்கள். வீங்கியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வலி இல்லை, பார்க்கத்தான் நன்றாக இல்லை என்றால் அறுவை வேண்டாம் என்பேன். முன்பக்கம் அகலமான செருப்பு போதும். கடையில் விற்கும் சிலிக்கான் பட்டை உரசலைக் குறைக்கும், விரலை நேராக்காது.

வலி தினசரி வேலையைக் கெடுக்கிறதா? சரி, மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரே நின்றபடி எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் சாய்வு குறைவாகத் தெரியும். மூட்டே தேய்ந்திருந்தால் மூட்டை இணைக்கும் அறுவைதான் பொருந்தும். மூன்று மாதச் சர்க்கரை அளவும் பாதத்தின் ரத்த ஓட்டமும் சரியில்லாமல் தேதி குறிக்காதீர்கள். இந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்றும் தயங்காமல் கேளுங்கள். கைப்பழக்கம் குறைந்தவரிடம் விரலோர நரம்பு அடிபட்டு மரத்துப்போகும் வாய்ப்பு அதிகம்.